ஆழ்கடல் பித்துப் பிடித்த குழந்தைக்கு வாசிப்பையும் ஓவியத்தையும் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது: எட்டு வயதுக் குழந்தைக்கு ஆழ்கடல் என்றால் உயிர். நீர்மூழ்கி, தலையில் விளக்கு தொங்கும் மீன், கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழி என்று நாள் முழுக்க அதே பேச்சு. ஆனால் எல்லாம் வீடியோவோடு சரி. புத்தகம் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுகிறது. வரையச் சொன்னால் எப்போதும் அதே நீலத் தண்ணீர், அதே சிரிக்கும் சுறா. இந்த ஆர்வத்தை வாசிப்பு, ஓவியம் பக்கம் எப்படித் திருப்புவது?

திருப்பவே வேண்டாம். ஆழ்கடல் ஆய்வு என்பதே பாதிக்குமேல் எழுத்தும் ஓவியமுமாக நடந்த வேலைதான். அந்த வேலையைக் குழந்தையின் கையில் கொடுத்தால் போதும். "கடலைப் பற்றிப் படி", "கடலை வரை" என்றால் அது வீட்டுப்பாடம். "நீ கீழே இறங்கியிருக்கிறாய், நான் மேலே கப்பலில் இருக்கிறேன், என்ன தெரிகிறது சொல்" என்றால் அது ஆய்வு. வித்தியாசம் குழந்தைக்கு உடனே புரியும்.

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. 1930 முதல் 1934 வரை பெர்முடா தீவுக் கடலில் இயற்கையியலாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓட்டிஸ் பார்ட்டனும் ஓர் எஃகு உருண்டைக்குள் உட்கார்ந்து, கம்பி வடத்தில் தொங்கியபடி இறங்கினார்கள். உருண்டையின் விட்டம் 4 அடி 9 அங்குலம். இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டு உட்காரத்தான் இடம். ஜன்னல், 3 அங்குலக் கனமுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி. 1934 ஆகஸ்ட் 15 அன்று 3,028 அடி, அதாவது 923 மீட்டர் போனார்கள். பீபி ஜன்னலில் பார்த்ததை டெலிபோனில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் குளோரியா ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, பீபியிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தி, எல்ஸ் போஸ்டல்மன் என்ற ஓவியர் வரைந்த படங்கள் மூலம்தான் அந்த மீன்களை உலகம் பார்த்தது. போஸ்டல்மன் அந்த ஆழத்துக்குப் போனதே இல்லை.

இதையே விளையாட்டாக்குங்கள். ஒருவர் கையில் ஓர் ஆழ்கடல் உயிரின் படம். மற்றவருக்கு அது தெரியக்கூடாது. முதுகோடு முதுகு உட்கார்ந்து, படம் வைத்திருப்பவர் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். மூன்று நிமிடம் போதும், பென்சில் மட்டும். சொல்லும் வரிசை முக்கியம். முதலில் உண்மையான நீளம். அடுத்து உடலின் விகிதம்: நீளம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு? பிறகு கண் எங்கே, வாய் எவ்வளவு தூரம் கிழிந்திருக்கிறது, துடுப்புகள் எங்கே தொடங்குகின்றன. அப்புறம் ஒளிப்புள்ளிகள். நிறம் கடைசியில்தான். நிறத்தில் தொடங்கினால் வரைபவர் கையில் எதுவுமே இருக்காது.

முதல் சில முறை நீங்கள் சொல்லுங்கள், குழந்தை வரையட்டும். பிறகு மாற்றுங்கள். குழந்தை சொல்லத் தொடங்கியதும் "அது வந்து... ஒரு மாதிரி... பின்னால ஒண்ணு இருக்கும்" என்று திணறும். அந்த இடம்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம். முதுகுத் துடுப்பு, மார்புத் துடுப்பு, வால் துடுப்பு, செவுள் மூடி, பக்கக்கோடு என்று பெயர் குறித்த ஒரே ஒரு மீன் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த சொல் மறக்காது. பட்டியலாக மனப்பாடம் செய்த சொல் அடுத்த வாரம் இருக்காது.

இதில் வழக்கமாகச் சொதப்புவது இரண்டு. பவளப்பாறை முழுக் காட்சி மாதிரி நெரிசலான படத்தை எடுப்பது ஒன்று. பக்கவாட்டில் தெரியும் ஒற்றை உயிர்தான் வேண்டும்: கோடரி வடிவ ஹேட்செட் மீன், பெருவாய் கொண்ட கல்பர் விலாங்கு, காது போன்ற துடுப்புள்ள டம்போ ஆக்டோபஸ் ஆகியவை தொடக்கத்துக்குத் தோதானவை. இன்னொன்று, வரைந்துகொண்டிருக்கும்போதே எட்டிப் பார்த்துத் திருத்துவது. முடிந்தபின் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, "நான் எந்த வார்த்தையைச் சொல்லாததால் இது மாறிப்போச்சு?" என்று கேளுங்கள். பிழைக்கான பொறுப்பு சொன்னவர் மேல் விழட்டும், வரைந்தவர் மேல் வேண்டாம்.

பீபியின் கதையில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. 1932-இல் சுமார் 2,100 அடி ஆழத்தில், ஆறடி நீளமுள்ள மீன்கள் இரண்டு கடந்துபோயின என்று சொல்லி, அவற்றுக்கு அறிவியல் பெயரும் சூட்டினார். அப்படி ஒரு மீன் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. 1960-இல் ஏறத்தாழ 11,000 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில் தட்டைமீன் ஒன்றைப் பார்த்ததாக, அங்கே இறங்கிய ஜாக் பிக்கார் சொன்னதும் அப்படித்தான்; அது கடல் அட்டையாக இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த உயிரியலாளர்களின் கருத்து. மீன் உயிரோடு படமாக்கப்பட்ட அதிகபட்ச ஆழம் 8,336 மீட்டர்தான். 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு நத்தைமீன். ஆகவே குழந்தையின் குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இடப்பக்கம் "பார்த்தது", வலப்பக்கம் "நினைத்தது". எட்டு வயதுக்கு இது கொஞ்சமும் அதிகமில்லை. பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது ஆழச் சுருள்: கடலின் முழு ஆழத்தையும் அளவுப்படி காட்டும், சுவரில் தொங்கும் நீளத் தாள். இதைப் பண்ணாமல் வேறு எதையும் பண்ண வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். வாசிப்பு, கணக்கு, ஓவியம் எல்லாம் வந்து உட்காரும் இடம் இது.

அளவு: 1 செ.மீ.க்கு 50 மீட்டர். கடலின் மிக ஆழமான இடம் ஏறத்தாழ 11,000 மீட்டர் என்றால் 220 செ.மீ. நீளம் வேண்டும். ஏ4 தாள் எட்டை நீளவாக்கில், 1.5 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒட்டினால் 227 செ.மீ. வரும். மேலே 7 செ.மீ. வானத்துக்கும் கப்பலுக்கும், மீதி முழுக்கத் தண்ணீர். கூரை தாழ்வென்றால் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று வைத்து நான்கு தாளில் முடிக்கலாம். ஆனால் பெரியது பெரியதுதான். கடைசி அடி தரையில் மடங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை.

பசையைத் தண்ணீர் பதத்தில் தடவினால் தாள் சுருங்கி நெளியும். குச்சிப் பசை அல்லது பின்பக்கம் டேப் போதும். நீர்வண்ணம் தீட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு தாளாகத் தீட்டிக் காயவைத்து, பிறகு ஒட்டுங்கள். ஒட்டியபின் தீட்டினால் இணைப்பில் வண்ணம் தேங்கிக் கோடு விழும்.

படம் வரையும் முன் பென்சிலால் எண்களைக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் 20 செ.மீ.யிலேயே எல்லா மீனும் அடைந்துகொள்ளும், கீழே இரண்டு மீட்டர் காலியாகக் கிடக்கும். பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர்: வெறும் 8 மி.மீ. சூரிய ஒளி தாராளமாகக் கிடைக்கும் மண்டலம் 200 மீட்டரோடு முடிகிறது: 4 செ.மீ. எம்பரர் பெங்குவின் 564 மீட்டர் போயிருக்கிறது: 11.3 செ.மீ. பீபியின் உருண்டை 18.5 செ.மீ.யில். மங்கல் ஒளியும் அற்றுப்போகும் 1,000 மீட்டர், 20 செ.மீ.யில். 1977-இல் காலாபகஸ் அருகே ஆல்வின் நீர்மூழ்கி கண்டுபிடித்த வெந்நீர் ஊற்றுகள் சுமார் 2,500 மீட்டர்: 50 செ.மீ. குவியர் அலகுத் திமிங்கிலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 2,992 மீட்டர் போகிறது: கிட்டத்தட்ட 60 செ.மீ. டைட்டானிக் கப்பல் 3,800 மீட்டர்: 76 செ.மீ. எவரெஸ்ட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் 177 செ.மீ.யில் அதன் உச்சி முடியும், அதற்கும் கீழே 40 செ.மீ.க்கு மேல் கடல் மீதியிருக்கும்.

எண்ணைக் குறித்துவிட்டு, நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்று குழந்தை கவனிக்கும்வரை எதுவும் பேசாதீர்கள். அந்த வெற்றிடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விதான் அடுத்த புத்தகத்தைத் திறக்க வைக்கும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆழம் அளவுப்படி, உயிர்கள் அளவுப்படி அல்ல. இந்த அளவில் 30 மீட்டர் நீலத் திமிங்கிலமே 6 மி.மீ.தான் வரும். அதனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உண்மையான நீளத்தை எழுதவேண்டும். இங்கேதான் பெரிய ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன. தலையில் விளக்கு தொங்கும் ஆங்லர் மீனை எல்லோரும் படகை விழுங்கும் பூதமாக வரைகிறார்கள்; கூன்முதுகு ஆங்லரின் பெண் மீனே 18 செ.மீ. தாண்டாது, ஆண் விரல்நுனி அளவு. வேம்பயர் (ரத்தக்காட்டேரி) ஸ்குவிட் என்று பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம், 30 செ.மீ.தான். மாறாக, ராட்சதக் கணவாயின் ஒரு கண்ணே 27 செ.மீ. விட்டம் வரை இருக்கும். அந்தக் கண்ணை மட்டும் உண்மை அளவில் காம்பஸால் வரைந்து வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். ஏ4 தாள் போதாது, அகலம் 21 செ.மீ.தானே.

பிளாப் மீனையும் திருத்த வேண்டும். உருகி வழியும் மூக்கோடு இணையம் முழுக்கச் சுற்றும் படம், 2003-இல் நியூசிலாந்து அருகே பிடித்து மேலே கொண்டுவந்த மீன். 600 முதல் 1,200 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்கேற்ப அமைந்த தளர்வான உடல், மேலே வந்ததும் நிலைகுலைந்து போய்விட்டது. அதன் இடத்தில் அது தலை பெருத்த ஒரு சாதாரண மீன். இரண்டையும் அருகருகே வரையவைத்தால் அழுத்தம் என்றால் என்ன என்பதற்குத் தனிப் பாடம் தேவைப்படாது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்ற ஒரே வரி போதும். மீதியைச் சுருளைப் பார்த்துக் குழந்தையே பெருக்கிக்கொள்ளும். ஆய்வுக் கப்பல்களில் தெர்மகோல் கோப்பைகளின்மேல் அழியாத மார்க்கரால் படம் வரைந்து, உள்ளே தாளைத் திணித்து, கருவிகளோடு கீழே அனுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. காற்றெல்லாம் நசுங்கி வெளியேறி, கோப்பை குறுகி, படமும் அதோடு குறுகி மேலே வரும். அந்தப் படங்களைத் தேடிக் காட்டுங்கள்.

இனி வண்ணம். கடலை ஒரே நீலமாகத் தீட்டுவதைக் கண்டித்துத் திருத்த முடியாது. காரணத்தைக் காட்டினால் தானாக மாறும். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. தெளிந்த கடலிலும் 5 முதல் 10 மீட்டருக்குள் சிவப்பு செத்துவிடும்; பிறகு ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் பச்சை. நீலம்தான் கடைசி வரை போகிறது. ஆழச் சுருளில் 10 மீட்டர் என்பது 2 மி.மீ., அதனால் இதை அதில் காட்ட முடியாது. தனித் தாளில் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று 29 மீட்டர் வரை வரையுங்கள். சிவப்புச் சிலிண்டர் மாட்டிய ஒரே முக்குளிப்பவரை 1, 5, 10, 20, 28 மீட்டரில் ஐந்து முறை வரைந்து, சிவப்போடு ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையும் நீலமும் கலக்கவேண்டும். பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு ஏறத்தாழ கருப்பு. நம்பாத குழந்தைக்கு இருட்டறையில் டார்ச் லைட்டின்மேல் நீல செல்லோபேன் தாளைக் கட்டி, சிவப்புப் பொருள்மேல் அடித்துக் காட்டுங்கள். ஒரே மடிப்பு என்றால் சிவப்பு கசியும். மூன்று மடிப்பு போட்டால்தான் பொருள் கருப்பாகத் தெரியும். ஆழ்கடல் இறால்களும் ஜெல்லி மீன்களும் ஏன் ரத்தச் சிவப்பாக இருக்கின்றன என்ற கேள்வி அப்போது தானாக வரும். சிவப்பு ஒளி எட்டாத இடத்தில் சிவப்புதான் மறைவிடம்.

1,000 மீட்டருக்குக் கீழே தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டல் ஓவியத்துக்குப் போகலாம். தடித்த அட்டையில் ஆயில் பேஸ்டலால் ஒரு துளி வெள்ளை தெரியாமல் அழுத்தித் தீட்டவேண்டும். அதன்மேல் கருப்பு போஸ்டர் கலர். மேசைக்கரண்டி வண்ணத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு சேர்க்காவிட்டால் மெழுகின்மேல் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டுவிடும். மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் நன்றாகக் காயவேண்டும். ஒரே பூச்சில் கெட்டியாக அப்பினால் சுரண்டும்போது கோடு வராது, செதிலாகப் பெயரும். பல்குச்சியோ மை தீர்ந்த பேனாவோ போதும்.

அடியில் வானவில் வண்ணம் பூசச் சொல்லும் வழக்கமான முறையை இங்கே விட்டுவிடுங்கள். ஆழ்கடல் உயிர்களின் ஒளி பெரும்பாலும் நீலப்பச்சை. அடிப்பூச்சு முழுக்க நீலமும் பச்சையுமாக இருக்கட்டும்; ஓரிரு இடத்தில் மட்டும் சிவப்புப் பொட்டு. சில டிராகன் மீன்களுக்குக் கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு உண்டு. மற்ற மீன்களுக்குத் தெரியாத ஒளியில் அவை இரை தேடுகின்றன. ஒளிப்புள்ளிகளை உடம்பு முழுக்க அள்ளித் தெளிப்பதும் தவறு. ஹேட்செட் மீனுக்கு விளக்குகள் வயிற்றில்தான். மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்துக்கு ஈடாக வயிற்றை ஒளிரவிட்டால், கீழிருந்து பார்ப்பவனுக்கு அதன் நிழலுருவம் தெரியாது. ஏன் அங்கே என்று தெரிந்தபின் வைத்த புள்ளிகளுக்கும் அலங்காரத்துக்கு வைத்த புள்ளிகளுக்கும் படத்திலேயே வித்தியாசம் தெரியும்.

நீர்மூழ்கியை வரையும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உன் வண்டி எப்படி மேலே வரும்?" குழந்தைகள் பெரிய கண்ணாடி ஜன்னலும் இறக்கையும் வைப்பார்கள், மேலே வரும் வழி மட்டும் இருக்காது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்காரும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடிக்குச் சென்ற ட்ரியஸ்ட் என்ற நீர்மூழ்கியை உதாரணமாகக் காட்டலாம். ஆட்கள் இருந்தது அடியில் தொங்கிய சிறிய உருண்டையில், வெளிவிட்டம் 2.16 மீட்டர், சுவர் 12.7 செ.மீ. கனம். உருண்டை ஏன் என்றால், எல்லாப் பக்கமிருந்தும் வரும் அழுத்தத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் அதுதான். மேலே இருந்த நீண்ட தொட்டி நிறையப் பெட்ரோல்: தண்ணீரைவிட லேசு, காற்றைப்போல நசுங்காது. கீழே இழுக்க இரும்புக் குண்டுகள். அவற்றை மின்காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றுபோனால் குண்டுகள் தானாகக் கொட்டிவிடும், வண்டி மேலே வந்துவிடும். இந்த ஒரு விவரத்தைக் கேட்ட குழந்தை தன் படத்தை அழித்துத் திரும்ப வரையும், அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதும். குறுக்குவெட்டுப் படத்தில் எழுதும் அந்தச் சிறு குறிப்புகள்தான் கட்டுரை எழுதுவதற்கு முதல் படி.

வாசிப்புக்கு வருவோம். புத்தகம் இரண்டு பக்கத்தில் மூடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல, புத்தகம் பொருந்தாததுதான். வீடியோ பார்த்தே நாற்பது உயிரினப் பெயர் தெரிந்த குழந்தைக்கு "கடல் மிகப் பெரியது, அதில் பல மீன்கள் வாழ்கின்றன" என்று தொடங்கும் புத்தகம் அவமானம். பெரியவர்கள் புத்தகமோ பத்தி பத்தியாக நீளும். தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: பின்னால் சொல்லடைவு (இண்டெக்ஸ்) இருக்கிறதா, படங்களுக்கு அளவும் ஆழமும் கொடுத்திருக்கிறார்களா, குறுக்குவெட்டுப் படங்கள் உண்டா. இருந்தால் வயது வரம்பைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து படிக்கவும் வேண்டாம். சொல்லடைவில் ஒரு பெயரைத் தேடி, அந்தப் பக்கத்துக்குப் போய், படத்தின் கீழுள்ள குறிப்பை மட்டும் படித்து, எண்ணைச் சுருளில் குறித்துவிட்டு மூடிவிடலாம். இது வாசிப்பே இல்லை என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்கள் படிப்பதே இப்படித்தான்.

நீண்ட வாசிப்புக்குப் பயணக் குறிப்புகளே சிறந்தவை. தேதி, நேரம், ஆழம் என்று துண்டு துண்டாக இருப்பதால் குழந்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நீங்கள் உரக்கப் படியுங்கள், குழந்தை சுருளில் ஒரு காந்தத்தையோ கிளிப்பையோ இறக்கட்டும். ட்ரியஸ்ட் இறங்க 4 மணி 47 நிமிடம் ஆனது. நம் அளவில் நிமிடத்துக்கு முக்கால் செ.மீ. 9,000 மீட்டர் தாண்டியதும் வெளி ஜன்னல் ஒன்று விரிசல் விட்ட சத்தத்தில் வண்டி குலுங்கியது. அந்த இடம் 180 செ.மீ. அடியில் 20 நிமிடம் இருந்தும், கிளம்பிய சேற்றுப் புகையில் ஒரு புகைப்படம்கூட எடுக்க முடியவில்லை. திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் 2012 மார்ச் 26 அன்று அதே அகழியின் அடிக்கு 2 மணி 36 நிமிடத்தில் இறங்கினார். யாருடைய கிளிப் வேகமாக ஓடவேண்டும் என்று குழந்தையே கணக்குப் போடும்.

ஒரு கட்டத்தில் குழந்தை ஓடிவந்து, "ஒரு புத்தகத்துல 10,916ன்னு இருக்கு, இன்னொண்ணுல 10,935ன்னு இருக்கு, எது சரி?" என்று கேட்கும். கேட்டால், வாசிப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ட்ரியஸ்ட்டின் கருவி முதலில் காட்டியது 11,521 மீட்டர்; பிறகு 10,916 என்று திருத்தினார்கள். இன்று கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கின்றன. அவ்வளவு ஆழத்துக்குப் போய்வர ஒலிக்கு ஏறத்தாழ 15 விநாடி ஆகும். அதன் வேகமோ தண்ணீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் பொறுத்து வழிநெடுக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு அளவும் கொஞ்சம் விலகும். 1875-இல் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கயிற்றில் எடை கட்டி இறக்கி அதே அகழியில் கண்டது 4,475 பாகம் (ஒரு பாகம் ஆறடி), அதாவது 8,184 மீட்டர். எல்லா எண்ணையும் ஆண்டோடு சுருளில் எழுதிவைக்கலாம். அழிக்க வேண்டாம்.

நேரலைகளும் நல்ல வாசிப்புத் துணை. நாட்டிலஸ், ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர், ஃபால்கோர் டூ போன்ற கப்பல்கள் ரோபோ நீர்மூழ்கியை இறக்கும்போது இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. உயிரின்மேல் இரண்டு லேசர் புள்ளிகள் விழுந்தால் அவற்றின் இடைவெளி வழக்கமாக 10 செ.மீ.; அதை வைத்து உயிரின் நீளத்தைக் குழந்தையே கணிக்கலாம். நேரலையை நிறுத்திவைக்க முடியாது என்பதே அதன் நன்மை. ஒரு நிமிடத்தில் வெளிக்கோட்டை மட்டும் பிடிக்கவேண்டும், விவரம் பிறகு புத்தகத்தில். மணிக்கணக்கில் வெறும் சேறுதான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இருபது நிமிடத்தோடு எழுந்துவிடலாம். ஆனால் எப்போதாவது அதிசயமும் சிக்கும்: கொலாசல் ஸ்குவிட் என்ற பெருங்கணவாய்க்குப் பெயர் வைத்தது 1925-இல். அதன் வாழிடத்தில் உயிரோடு படம்பிடித்தது 2025 மார்ச்சில், 600 மீட்டர் ஆழத்தில், 30 செ.மீ. குஞ்சு ஒன்றை.

கையில் மண் ஒட்டும் வேலை பிடித்த குழந்தை என்றால் ஷூ பெட்டி ஒன்று போதும். அடியில் களிமண்ணால் இரண்டு மலையும் ஒரு பள்ளமும் நீங்கள் ரகசியமாகச் செய்து மூடிவிடுங்கள். மூடியில் நீளவாக்கில் 4 செ.மீ.க்கு ஒரு துளை. அரை செ.மீ. கோடு போட்ட மெல்லிய குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, கட்டத் தாளில் புள்ளி வைத்து இணைக்கவேண்டும். பிறகு இடையிடையே துளையிட்டு 2 செ.மீ. ஆக்கினால், முதல் படத்தில் காணாமல்போன மலை முளைக்கும். குச்சி சாய்ந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும், களிமண் ஒட்டினால் குறைவாக. இரண்டும் நடக்கும், நடக்கட்டும். கடலடி வரைபடங்கள் வரைந்த மேரி தார்ப் 1950களில் செய்தது இதே வேலைதான். கப்பல்கள் கொண்டுவந்த ஆழ எண்களைக் கையால் வரைந்துகொண்டே போனபோது, அட்லாண்டிக் நடு மலைத்தொடரின் முகட்டில் ஒரு பிளவு தொடர்ந்து வருவதை அவர் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய உலகக் கடலடி வரைபடம், ஹைன்ரிக் பெரான் என்ற ஓவியர் தீட்டி 1977-இல் வந்தது. வண்ணம் தீட்டும் புத்தகங்களை நான் இந்த விஷயத்தில் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான்: அதில் கோட்டை வேறு யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீடியோவை நிறுத்த வேண்டுமா என்றால், வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் குழந்தையே வர்ணனை சொல்லட்டும், போனில் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்டு, குழந்தை சொன்ன வார்த்தைகளை மாற்றாமல், இலக்கணம்கூடத் திருத்தாமல், பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். மேலே ஆழமும் தேதியும், கீழே படத்துக்கு இடம். தடுமாறாமல் படிக்கும், ஏனென்றால் அது தன் வாக்கியம். பத்துப் பக்கம் சேர்ந்ததும் நடுவில் தைத்து, கடைசிப் பக்கத்தில் சொல்லடைவையும் குழந்தையையே போடச் சொல்லுங்கள்.